கட்டளையும் அறிவும்: தாதியர் கல்வி பற்றிய சில எழுத்துக்களை முன்வைத்து

திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரம் வைத்தியத்தின் உறுப்புக்களை நான்காக வகுக்கிறது. நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து ஆகிய மூன்றோடு நோயாளியின் அருகிருந்து மருந்தை இயற்றுபவனையும் வள்ளுவர் நான்காம் உறுப்பாக எண்ணினார். அதற்கு உரைகண்ட பரிமேலழகர் அந்நான்காமவனுக்குரிய இயல்புகளையும் நான்காக விரித்தார். நோயாளிபால் அன்பு, மனம் மொழி மெய் ஆகிய மூன்றாலும் தூய்மை, சொல்லப்பட்டதைச் சொன்னவாறே செய்யும் வல்லமை, அறிவுடைமை என்பன அவை. முதலிரண்டையிட்டு எவரும் கருத்து வேறுபாடு கொள்ளார். பின்னிரண்டும் ஒருவரிடத்தே எவ்வாறு ஒருங்கே வாழும் என்பதுதான் வினா. சொல்லப்பட்டது தவறாயின் அறிவுடையவர் யாது செய்வார்? சொன்னவாறே செய்து பழகியவர் தமது அறிவை எப்பொழுது பயன்படுத்துவார்? உரையாசிரியர் அருகருகே வைத்துச் சென்ற இவ்விரண்டு இயல்புகளுக்குமிடையிலான முரண்பாடே நவீன வைத்தியசாலையில் தாதியர் கல்வியின் மையப் பிரச்சினையாக வளர்ந்து நிற்கிறது.

இலக்கிய ஏடொன்றில் தாதியர் கல்வி பற்றிய எழுத்துக்களை விமர்சிப்பது எதற்கென்று சிலர் வினவக்கூடும். மனிதன் எவ்வாறு சிந்திக்கிறான், சிந்திக்க உரியவர் யார், கீழ்ப்படிய உரியவர் யார் என்பன பற்றிய கருத்துக்கள் கவிதையிலும் நாவலிலும் மட்டும் பரவுவனவல்ல. பாடநூல்களினூடாக அவை இன்னும் அமைதியாகவும் உறுதியாகவும் பரவுகின்றன. மாணவர் அவற்றை ஒரு கருத்தென்று அறியாமலே இயற்கை நியதியென ஏற்றுக்கொள்கின்றனர். ஆகவே பாடநூலும் விமர்சனத்துக்கு உட்பட்டதே.

நோயாளியின் நிலையை ஆராய்ந்து முடிவுக்கு வரும் ஆற்றலைத் தாதிய மாணவர் எவ்வாறு பெறுகின்றனர் என்பது பற்றிக் கடந்த எழுபது ஆண்டுகளுக்குள் மேலைநாடுகளில் பல ஆய்வுகளும் நூல்களும் எழுந்துள்ளன. அவற்றுட் சிலவற்றையே இங்கு நோக்க முனைகிறோம். தனியொரு தாதியின் மனத்துள் நிகழ்வதை அவை மேன்மேலும் நுட்பமாக விவரித்து வந்துள்ளன. அத்தாதி எத்தனை நோயாளிகளுக்கு நடுவே, யாருடைய அதிகாரத்தின் கீழ், எவ்வளவு நேரம் நின்று சிந்திக்கிறார் என்பது பற்றி அவற்றுட் பல போதிய அளவு பேசவில்லை. பேசியவை வகுப்பறையில் மறக்கப்பட்டுள்ளன. இதுவே எமது விமர்சனத்தின் சாரம்.

முதலில் இவ்வாற்றல் யாதென்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். வயிற்றிற் சத்திரசிகிச்சை முடிந்து நான்கு மணித்தியாலம் கழிந்த ஓர் இளம் பெண்ணை உதாரணமாகக் கொள்வோம். அவளது நிறை 50 கிலோ. வார்டுக்குக் கொண்டுவரப்பட்டபொழுது நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 84 ஆக இருந்தது, இப்பொழுது 112. சுவாசம் 16 இலிருந்து 24 ஆகியுள்ளது. இரத்த அழுத்தம் முன்னர் 118/74, இப்பொழுது 114/88. கடந்த ஒரு மணித்தியாலத்திற் பையிற் சேர்ந்த சிறுநீர் 15 மில்லிலீற்றர். "ஒரே அந்தரமாய்க் கிடக்கு மிஸ்" என்று அவள் முனகுகிறாள்.

முதலாம் ஆண்டு மாணவி இவ்வெண்களைப் பிழையின்றி அட்டவணையிற் பதிகிறாள். இரத்த அழுத்தம் பெரிதும் குறையவில்லை என்று கண்டு ஆறுதலடைகிறாள். அனுபவம் வாய்ந்த தாதியோ அதே எண்களை வேறுவிதமாக வாசிக்கிறார். உள்ளே இரத்தம் கசியுமாயின் உடல் உடனே தோற்றுவிடுவதில்லை. இருதயத்தை விரைவுபடுத்தியும், தோலுக்கும் சிறுநீரகத்துக்கும் இரத்தத்தைக் கொண்டுசெல்லும் குழாய்களை ஒடுக்கியும் அது அழுத்தத்தைக் காப்பாற்றப் போராடுகிறது. அழுத்தத்தின் மேலெண் வீழ்வது அப்போராட்டம் தோல்வியுறும் கட்டத்திலேயே. அதற்கு முன்னர் இரு எண்களுக்குமிடையிலான தூரம் சுருங்குகிறது; இங்கு 44 ஆக இருந்தது 26 ஆகியுள்ளது. 50 கிலோ நிறையுள்ளவர் மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 25 மில்லிலீற்றர் சிறுநீராவது கழிக்கவேண்டும். விரைந்த மூச்சும், அந்தரம் என்ற அச்சொல்லும் அதே திசையைத்தான் சுட்டுகின்றன.

ஆயின் அவர் இரத்தக் கசிவென்று அவசரமாக முடிவுகட்டி அமர்ந்துவிடுவதுமில்லை. நோவினாலும் நாடி விரையும். குழாய் மடிந்திருந்தாலும் சிறுநீர் குறையும். ஆகவே நோவின் அளவைக் கேட்கிறார். குழாயைச் சரிபார்க்கிறார். காயத்தின் கட்டையும் வயிற்றின் உப்பலையும் நோக்குகிறார். கைகால்கள் குளிர்ந்துள்ளனவா என்று தொட்டறிகிறார். வைத்தியரை அழைக்கும்பொழுது எதை முதலிற் சொல்வது, எதைக் கேட்பது என்பதையும் வரிசைப்படுத்திக்கொள்கிறார். சான்றுகளைத் திரட்டல், அவற்றை ஒன்றோடொன்று பொருத்தல், மாற்று விளக்கங்களைச் சோதித்தல், செயற்படல், செயலின் விளைவை மீண்டும் நோக்கல் ஆகிய யாவும் அடங்கிய இவ்வாற்றலை நாம் நோய்நிலைத் தீர்ப்பு என அழைப்போம். அந்த இளம்பெண் விடியும்வரை உயிரோடிருப்பாளா என்பது அன்றிரவு அவள் கட்டிலருகே நிற்பவரிடம் இவ்வாற்றல் உண்டா என்பதைப் பொறுத்தது.

இவ்வாற்றலின் முக்கியத்துவம் நேற்று முளைத்த கண்டுபிடிப்பன்று. இலண்டன் புனித தோமையார் வைத்தியசாலையிற் புளோரன்ஸ் நைற்றிங்கேலின் பெயரால் 1860 இல் தாதியர் பயிற்சிக் கூடம் திறக்கப்பட்டது. அக்காலத்தில் அவர் எழுதிய தாதிமை பற்றிய குறிப்புக்கள் என்னும் நூல் நோயாளியை அவதானித்தலுக்கென்றே ஓர் அத்தியாயத்தை ஒதுக்கியது. எதை அவதானிப்பது, எவ்வாறு அவதானிப்பது என்று கற்பிப்பதே தாதியருக்கு அளிக்கத்தக்க நடைமுறைப் பாடங்களுள் தலையாயது என்பது அவர் கொள்கை. பக்தியும் பணிவும் உடையவளே நல்ல தாதி என்று ஆண்கள் வகுத்த வரைவிலக்கணத்தை அவர் அந்நூலில் எள்ளி நகையாடினார். அது சுமைகாவுபவனுக்கும் பொருந்தும், குதிரைக்குங்கூடப் பொருந்தும் என்றார்.

அத்தகையவரின் பெயரைத் தாங்கிப் பிரித்தானியப் பேரரசின் திசையெங்கும் பரவிய பயிற்சிமுறை பணிவையே பெரும் பண்பாகப் போற்றியதேன்? நைற்றிங்கேலின் சுபாவத்திலும் அவர் காலத்து ஒழுக்கக் கருத்துக்களிலும் இதற்கான விடையின் ஒரு பகுதி உண்டு. பெரும்பகுதி வைத்தியசாலையின் கணக்குப் புத்தகத்தில் உண்டு. பயிற்சி பெறும் மாணவியரே வார்டுகளின் மலிவான உழைப்பாளராயிருந்தனர். கட்டில்களை விரிக்கவும், கிண்ணங்களைக் கழுவவும், வெப்பமானிகளை நிரையாக வைத்தெடுக்கவும் காலந்தவறாத கைகள் தேவைப்பட்டன. ஏன் என்று கேட்டு நிற்கும் மாணவி வேலையைத் தாமதப்படுத்துபவளாயினாள். பொருளாதாரத் தேவையொன்று இவ்வாறு குணநலனாக உருமாறியது. மாணவரை வார்டின் ஆளணிக் கணக்கிலிருந்து நீக்கிக் கற்பவராகக் கொள்ளும் கொள்கை பிரித்தானியாவிற் புரொஜெக்ற் 2000 என்னும் சீர்திருத்தத்தின் வழியாக 1989 முதலே நடைமுறைக்கு வரலாயிற்று என்பதை நோக்கினால் அம்முறை எத்துணை ஆழமாக வேரூன்றியிருந்தது என்பது புலனாகும்.

அவ்வேர்களை முதன்முதல் தோண்டிக் காட்டிய எழுத்துக்களுள் ஒன்று இஸபெல் மென்சீஸ் 1960 இல் வெளியிட்ட ஆய்வறிக்கை. இலண்டனிலுள்ள பெரிய போதனா வைத்தியசாலையொன்றின் தாதியர் சேவையை அவர் ஆராய்ந்தார். அச்சேவையிற் பெரும்பான்மையோர் மாணவியரே. அங்கு ஒரு மாணவி ஒரு நோயாளியை முழுமையாக அறிவதற்கு இடமே வைக்கப்படவில்லை. பலருக்குச் சில வேலைகளைச் செய்து நகர்வதே அவள் கடமை. நோயாளி பெயரிழந்து கட்டில் இலக்கமாகவும் பழுதுற்ற உறுப்பின் பெயராகவும் அழைக்கப்பட்டார். ஒவ்வொரு வேலையும் எந்த ஒழுங்கில், எந்த நேரத்திற் செய்யப்படவேண்டும் என்பது நுணுக்கமாக விதிக்கப்பட்டிருந்தது. சிறு முடிவுகள்கூட மேலிடத்துக்குத் தள்ளப்பட்டன. சரிபார்ப்பின்மேற் சரிபார்ப்பு அடுக்கப்பட்டது. ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு மாணவியர் பயிற்சியை முடிக்காமலே விலகினர். அவ்வாறு விலகியோருட் சிந்தனை முதிர்ச்சியும் வளர்ச்சிக்குரிய ஆற்றலும் மிக்கவர் இருந்தனர் என்பதே அறிக்கையின் மிகக் கசப்பான செய்தி.

துன்பத்தையும் மரணத்தையும் நாள்தோறும் நெருங்கி நிற்பதனால் எழும் பதற்றத்திலிருந்து தம்மைக் காத்துக்கொள்ளவே தாதியர் சேவை இவ்வேற்பாடுகளை வளர்த்துக்கொண்டது என்று மென்சீஸ் விளக்கினார். உளப்பகுப்பாய்வு மரபிலிருந்து வந்த அவ்விளக்கம் கூர்மையானது, ஆயினும் முழுமையானதன்று. வேலையைத் துண்டுதுண்டாக்கிச் சிந்தனையை மேலே குவித்து உழைப்பைக் கீழே பரப்பும் அதே ஏற்பாட்டை நாம் தொழிற்சாலையிலும் காண்கிறோம். ஆலைத் தொழிலாளி நாள்தோறும் மரணத்தை எதிர்நோக்குபவனல்லன். ஆகவே பதற்றத்தை மட்டும் காரணமாகக் காட்டுவது போதாது. மலிவான உழைப்பைப் பெறுவதற்கும் அதனைக் கட்டுப்படுத்துவதற்கும் உகந்த ஏற்பாடு அது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். மென்சீஸ் அவ்வெல்லைக்கு வந்து நின்றுவிட்டார்.

அறிவு இருந்தும் அது செயலாகாமற் போவதை 1966 இல் அமெரிக்காவில் வெளியான சார்ள்ஸ் ஹொஃப்லிங் குழுவினரின் பரிசோதனை அப்பட்டமாகக் காட்டியது. முன்பின் அறியாத வைத்தியரொருவர் தொலைபேசியில் அழைத்து, குறிப்பிட்ட மருந்தில் 20 மில்லிகிராம் கொடுக்குமாறு தாதிக்குக் கட்டளையிடுவார். நாளொன்றுக்குரிய உச்ச அளவு 10 மில்லிகிராம் என்று மருந்துப் பெட்டியிலேயே எழுதப்பட்டிருக்கும். தொலைபேசிக் கட்டளையை ஏற்கலாகாது என்ற விதியும் இருந்தது. உண்மையில் அது தீங்கற்ற போலி மருந்து. 22 தாதியருள் 21 பேர் அதனைக் கொடுக்க முற்பட்ட நிலையிலேயே தடுத்து நிறுத்தப்பட்டனர். இதே நிலைமையைத் தாளில் எழுதி வேறு 21 தாதிய மாணவரிடம் கேட்டபொழுது, கொடுக்கமாட்டோம் என்று அத்தனை பேரும் விடையளித்தனர்.

இவ்விரண்டு இருபத்தொன்றுகளையும் அருகருகே வைத்து ஆசிரியர்கள் ஆழ்ந்து சிந்திக்கவேண்டும். பரீட்சைத் தாளில் எவரும் தவறவில்லை. தொலைபேசியின் மறுமுனையில் அதிகாரம் பேசியபொழுது ஒருவரைத் தவிர அனைவரும் தவறினர். மாணவர் வார்டுக்குச் சென்றதும் அறிவை இழந்துவிடுகின்றனர் என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. அறிவைப் பயன்படுத்தாதிருக்கும் வித்தையை அவர்கள் அங்கு புதிதாகக் கற்றுக்கொள்கின்றனர்.

அவ்வித்தை எவ்வாறு கற்பிக்கப்படுகிறது என்பதை மறு ஆண்டே, 1967 இல், லெனாட் ஸ்ரைன் என்னும் உளமருத்துவர் வைத்தியர்-தாதி விளையாட்டு என்ற கட்டுரையில் எழுதினார். நோயாளிக்கு யாது தேவை என்பதைத் தாதி அறிவார். ஆனால் ஆலோசனை கூறுவதாகத் தோன்றாமல் அதனைக் கூறவேண்டும். வைத்தியருக்கு அவ்வாலோசனை தேவை. ஆனால் கேட்பதாகத் தோன்றாமற் கேட்கவேண்டும். இந்த நாடகத்தின் விதிகளைத் தாதியர் தமது பயிற்சிக் காலத்திலேயே பழகிக்கொள்கின்றனர் என்று அவர் சுட்டினார். தாதியர் பலர் அவ்விளையாட்டிலிருந்து விலகிவிட்டனர் என்று 1990 இல் அவரே வேறிருவருடன் சேர்ந்து மீண்டும் எழுதினார். அம்மாற்றம் வைத்தியர்களின் கருணையால் வந்ததன்று. இடைக்காலத்திற் பெண்கள் இயக்கம் வளர்ந்திருந்தது. தாதியரின் கல்வித்தரமும் உரிமையுணர்வும் உயர்ந்திருந்தன.

ஹொஃப்லிங்கின் பரிசோதனைக்கு ஒரு பின்னுரையும் உண்டு. 1977 இல் ராங்க், ஜேக்கப்சன் என்னும் இருவர் அதனைச் சில மாற்றங்களுடன் மீண்டும் நடத்தினர். இம்முறை மருந்து தாதியர் நன்கறிந்த வேலியம். சக தாதியருடன் கலந்துபேசவும் அவர்களுக்கு வாய்ப்பிருந்தது. 18 பேருள் இருவர் மட்டுமே மறுபேச்சின்றிக் கட்டளையை நிறைவேற்ற ஆயத்தமாயினர். மருந்தைப் பற்றிய அறிவும், அருகே கேட்டுப்பார்க்க ஒரு தோழியும் இருந்தமையால் விளைவு தலைகீழாயிற்று. நோய்நிலைத் தீர்ப்பு ஒருவர் தலைக்குள் மட்டும் பூட்டிவைக்கப்பட்ட பொருளன்று, மனிதர்களுக்கிடையே நிகழ்வது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இப்பின்னணியிலேயே பற்றீசியா பென்னரின் நூலை வாசிக்கவேண்டும். 1984 இல் அமெரிக்காவில் வெளிவந்த புதியவர் முதல் வல்லுநர் வரை என்னும் அந்நூல் உலகெங்கும் தாதியர் கல்வியிற் பெருஞ் செல்வாக்குப் பெற்றது. சதுரங்க ஆட்டக்காரரையும் விமானிகளையும் ஆராய்ந்து ட்ரைஃபஸ் சகோதரர்கள் வகுத்த ஐந்து படிகளைப் பென்னர் தாதியருக்குப் பொருத்தினார். புதியவர் விதிகளைப் பற்றிக்கொண்டு நடக்கிறார். வல்லுநரோ விதிகளைத் தாண்டி நிலைமையை முழுமையாகக் கண்டு உடனே செயற்படுகிறார்.

இந்நூலின் பெருமையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. தாதியரின் சொந்த வாய்மொழிகளை அறிவின் மூலமாகக் கொண்டமை அதன் சாதனை. வைத்தியரின் அறிவிலிருந்து உதிர்ந்த துணுக்குகளைப் பொறுக்கிக்கொள்பவரல்லர் தாதியர். தமக்கெனச் செயலில் விளைந்த அறிவை உடையவர் என்று அது நிலைநாட்டியது. உழைப்பிலிருந்தே அறிவு பிறக்கிறது என்று கருதுவோர் இதனை வரவேற்காதிருக்க இயலாது.

குறை வேறிடத்தில் உள்ளது. பென்னரின் வல்லுநர் தாம் அறிந்ததை எவ்வாறு அறிந்தார் என்று பலவேளைகளிற் சொல்ல இயலாதவர். அதனை உள்ளுணர்வு என்று நூல் போற்றுகிறது. ஆயின் விளக்கமுடியாத அறிவைக் கற்பிப்பது எவ்வாறு? மாணவி அதனை வியக்கலாம், வினவ இயலாது. மேலும், உள்ளுணர்வு தவறும்பொழுது அதனைத் திருத்துவதற்கான வழியும் அடைபடுகிறது. மேலே நாம் கண்ட தாதி நாடியையும் சிறுநீரையும் இணைத்து நோக்கியது கண்ணிமைப்பொழுதில் நிகழ்ந்திருக்கலாம். ஆயினும் அதற்குக் காரணங்கள் உண்டு. அவற்றைச் சொல்லாக்கலாம். சொல்லாக்கினாற்றான் அவை அடுத்தவருக்குச் சொந்தமாகும்.

இன்னொன்றையும் நோக்குக. மூன்றாம் படியாகிய தேர்ச்சியை எய்துவதற்கு ஒரே வகையான சூழலில் இரண்டு மூன்று ஆண்டுகள் பணிபுரிந்திருக்கவேண்டும் என்பது பென்னரின் கணிப்பு. அப்படியாயின் வார்டுக்கு வார்டு மாற்றப்படும் தாதிக்கும், ஆட்பற்றாக்குறையால் ஓய்வின்றி அலைக்கழிக்கப்படும் தாதிக்கும், குறைந்த சம்பளங் காரணமாக வேறு நாட்டுக்குப் புறப்பட்டுவிடும் தாதிக்கும் அந்த ஏணி என்ன பயனைத் தரும்? ஏணியின் படிகளை நூல் நுட்பமாக வரைந்தது. ஏணி ஊன்றி நிற்கும் நிலத்தை அது போதியளவு ஆராயவில்லை.

2006 இல் கிறிஸ்டீன் டானர் வெளியிட்ட கட்டுரை இவ்வகையில் ஒரு முன்னேற்றம். ஏறத்தாழ இருநூறு ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி, கவனித்தல், பொருள்கொள்ளல், செயற்படல், மீள்நோக்கல் என்னும் நான்கு கூறுகளாக அவர் தாதியின் தீர்ப்பை விளக்கினார். நோயாளியை அறிந்திருத்தல் இன்றியமையாதது என்றும், வார்டின் சூழலும் பண்பாடும் தீர்ப்பைப் பாதிக்கின்றன என்றும் அவர் வெளிப்படையாகவே எழுதினார். இந்நேர்மையை நாம் பாராட்டுகிறோம்.

ஆனால் ஒரு கருத்து வகுப்பறைக்குச் சென்றடையும்பொழுது எது எஞ்சுகிறது, எது உதிர்கிறது என்பதே விமர்சகன் கவனிக்கவேண்டியது. டானரின் நான்கு கூறுகளையும் கொண்டு 2007 இல் கத்தி லசாற்றர் மதிப்பீட்டு அட்டவணையொன்றை அமைத்தார். மாணவி எவ்வளவு கவனித்தாள், எவ்வாறு பொருள்கொண்டாள் என்பவற்றை நான்கு தரங்களில் அளவிடும் அவ்வட்டவணை ஆசிரியர்க்கு உதவியானதே. ஆனால் அது அளவிடுவது மாணவியை மட்டும். அவளுக்குக் கேள்வி கேட்க இடமிருந்ததா, கேட்டபொழுது எவரும் செவிசாய்த்தனரா என்பதற்கு அதில் நிரல் இல்லை. 2023 ஏப்ரல் முதல் அமெரிக்கத் தாதியர் அனுமதிப் பரீட்சை இவ்வாற்றலை ஆறு படிகளாகப் பகுத்துச் சோதிக்கிறது: குறிகளை இனங்காணல், ஆராய்தல், ஊகங்களுக்கு முன்னுரிமை கொடுத்தல், தீர்வுகளை உருவாக்கல், செயற்படல், விளைவை மதிப்பிடல். மனப்பாட அறிவைக் கேட்ட பழைய வினாத்தாளைவிட இது பன்மடங்கு மேலானது. எனினும் 1966 ஆம் ஆண்டின் 21 மாணவரும் தாளிற் சித்தியெய்தியவர்களே என்பதை நாம் மறந்துவிடலாகாது. சூழலைப் பற்றிய டானரின் எச்சரிக்கை மதிப்பெண்ணாக மாற்ற முடியாதது. ஆதலால் அதுவே முதலில் உதிர்ந்தது.

சூழல் என்பது வெறும் அலங்காரச் சொல்லன்று. அதை எண்ணிக்கையாகவும் காட்டலாம். லிண்டா எய்க்கின் தலைமையிலான குழு பென்சில்வேனியா மாநிலத்தின் 168 வைத்தியசாலைகளை ஆராய்ந்து 2002 இல் தன் முடிவை வெளியிட்டது. ஒரு தாதியின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடுதலாகச் சேர்க்கப்படும் ஒவ்வொரு முறையும், சத்திரசிகிச்சை பெற்றோர் 30 நாட்களுக்குள் மரணமடையும் வாய்ப்பு 7 சதவீதம் அதிகரிப்பதோடு தொடர்புற்றிருந்தது. சிக்கல் தோன்றியபின் காப்பாற்றப்படாமல் இறப்போரின் நிலையும் அத்தகையதே. ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் நடந்து 2014 இல் வெளியான ஆய்வும் சுமையைப் பற்றி இதே அளவையே கண்டது. அத்துடன், பட்டக் கல்வி பெற்ற தாதியரின் பங்கு 10 சதவீதம் உயருமிடத்து மரண வாய்ப்பு 7 சதவீதம் குறைவதோடு தொடர்புற்றிருந்ததையும் அது காட்டியது. கல்வியா ஆளணியா என்று ஒன்றையொன்று எதிர்நிறுத்தி விவாதிப்போருக்கு இவ்விரு எண்களும் சேர்ந்தே விடையளிக்கின்றன. சிந்திக்கக் கற்பிக்கவும் வேண்டும். சிந்திக்க நேரம் அளிக்கவும் வேண்டும்.

அந்நேரம் எங்கும் தானாகக் கிடைத்ததில்லை. கலிபோர்னியாவில் ஒரு தாதிக்கு எத்தனை நோயாளிகள் என்ற உச்சவரம்பை விதிக்கும் சட்டம் 1999 இல் நிறைவேறி 2004 இல் நடைமுறைக்கு வந்தது. பொதுவான வார்டுகளில் முதலில் ஆறு என்றிருந்த வரம்பு 2005 இல் ஐந்தாகக் குறைக்கப்பட்டது. அதனை வென்றெடுத்ததில் தாதியரின் தொழிற்சங்கம் முன்னணியில் நின்றது. தொழிற்சங்கக் கோரிக்கையைச் சம்பளத்துக்கான கூச்சல் என்று இகழ்வோர், கட்டிலருகே ஒரு தாதி நின்று சிந்திக்கும் ஐந்து நிமிடமும் அக்கோரிக்கையின் பயனே என்பதை அறியவேண்டும்.

இவை யாவும் வென்றெடுக்கப்படும்வரை ஆசிரியர் கைகட்டி நிற்பதா? அன்று. இன்றைய வார்டிலும் செய்யத்தக்கவை உண்டு. பத்து நோயாளிகளின் வெப்பநிலையைப் பதிந்துவருமாறு மாணவியை அனுப்புவதிலும், இரு நோயாளிகளை முழு நாளும் பின்தொடர்ந்து, காலையில் என்ன எதிர்பார்த்தாள், மாலையில் என்ன நடந்தது, ஏன் வேறுபட்டது என்று எழுதச் செய்வது பயன்மிக்கது. மூத்த தாதி ஒருவர் எண்களை வாசிக்கையில் தம் மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்வாராயின், பென்னர் உள்ளுணர்வென்று வியந்தது மாணவியின் காதில் தருக்கமாக விழும். வார்டு முடிந்து நடைபெறும் கலந்துரையாடலில், எதைக் கவனித்தாய் என்பதோடு, கவனித்தும் சொல்லாமல் விட்டது எது, சொல்லத் தடுத்தது எது என்ற வினாவும் கேட்கப்படவேண்டும். கட்டளையை மறுத்து வினவுவதையும், ஊசி போடுவதைப்போலவே, ஒத்திகை பார்த்துப் பழகவேண்டும். பொம்மை நோயாளியைக் கொண்டு நடத்தப்படும் பயிற்சியில் நாடி மாறுகிறது, மூச்சு மாறுகிறது. கோபங்கொள்ளும் வைத்தியரும் அப்பயிற்சியில் இடம்பெறவேண்டும்.

எம் நாட்டு ஆசிரியர்க்கு இன்னொரு கடமையும் உண்டு. நாம் உதாரணங் காட்டிய பெண் அந்தரம் என்றாள். யாழ்ப்பாணத்துப் பேச்சில் அச்சொல் உடலின் நிலைகொள்ளாமையையும் மனத்தின் பதற்றத்தையும் ஒருங்கே குறிக்கும். இரத்தமோ பிராணவாயுவோ மூளைக்குப் போதாதபொழுது முதலில் தோன்றும் குறி பெரும்பாலும் அதுவே. ஆங்கிலப் பாடநூலின் சொல்லை மட்டும் மனனஞ்செய்த மாணவி நோயாளியின் வாயில் அது வேறுருவில் வரும்பொழுது தவறவிடக்கூடும். தமிழ் மட்டும் அறிந்த தோட்டத் தொழிலாளியொருத்தி தமிழறியாத வார்டிற் படுத்திருப்பாளாயின் முதற் சான்றே எவர் காதிலும் விழாது போகும். 1847 இல் யாழ்ப்பாணம் வந்த டாக்டர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் மேலை வைத்தியத்தைத் தமிழிற் கற்பித்தார். இரணவைத்தியம், மனுஷ அங்காதிபாதம் முதலிய நூல்களைத் தமிழில் ஆக்கினார். அவர் மதப்பணிக்காக வந்தவர் என்பது வேறு விடயம். நோயாளியின் மொழியிற் சிந்திக்காத வைத்தியம் அரைக்கண் வைத்தியம் என்பதை அம்முயற்சி உணர்ந்திருந்தது. நோயாளிகள் தம் நோவையும் பயத்தையும் மூச்சுமுட்டலையும் சொல்லும் தமிழ், சிங்களச் சொற்களைத் தொகுத்து, ஒவ்வொன்றும் எதன் குறியாகலாம் என்று மாணவரோடு சேர்ந்து ஆராய்வது எந்த இயந்திரமும் பெருநிதியும் வேண்டாத பணி. மாணவரே அதனைத் தொடங்கலாம்.

பரிமேலழகர் கூறிய நான்கு இயல்புகளுக்கு மீள்வோம். சொல்லப்பட்டதைச் செய்யும் வல்லமையும் அறிவுடைமையும் ஒருவரிடத்தே முரணின்றிக் கூடவேண்டுமாயின், சொல்பவர் வினாவுக்கு உட்பட்டவராகவும் செய்பவர் வினவும் உரிமையுடையவராகவும் இருக்கவேண்டும். நாம் நோக்கிய நூல்கள் வினவும் மனத்தின் அமைப்பை எமக்குக் கற்பித்துள்ளன. அதற்காக அவற்றைப் படிப்போம், கற்பிப்போம். வினவும் உரிமையையும் அதற்கு வேண்டிய நேரத்தையும் அந்நூல்களால் தர இயலாது. அவற்றைத் தாதியரும் மாணவரும் அவர்தம் ஆசிரியரும் ஒன்றுசேர்ந்தே பெறவேண்டும். அதனாற் பயன்பெறுவோர் கட்டிலிற் கிடந்து அந்தரப்படும் மக்களாதலின், அம்முயற்சியில் அவர்களும் எம்மோடு நிற்பர்.